ரெடிமேட் சட்டை யார் உடம்புக்கு? ஆண்கள் உடல்வாகு பார்த்து உடை எடுப்பது எப்படி

துணிக்கடையில் நிற்கும் பொம்மையை ஒருமுறை பின்பக்கம் போய்ப் பாருங்கள். முன்னால் அவ்வளவு கச்சிதமாகத் தெரியும் சட்டையை முதுகுப்பக்கம் கொத்தாகப் பிடித்து, ஊசி குத்தியோ கிளிப் போட்டோ இழுத்து வைத்திருப்பார்கள். அதாவது அந்தச் சட்டை அந்தப் பொம்மைக்கே பொருந்தவில்லை. அதே சட்டையை நாம் ட்ரையல் ரூமில் மாட்டிப் பார்த்து, வயிற்றுப் பக்கம் இழுக்கிறது, தோள் தொங்குகிறது என்றதும் நம் உடம்பில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அடுத்த மாதத்திலிருந்து ஜிம், எடை குறைப்பு என்று திட்டம் போட ஆரம்பிக்கிறோம். போடுங்கள், நல்லதுதான். ஆனால் நாளைக்குப் போட ஒரு சட்டை வேண்டுமே.

ரெடிமேட் உடையை எப்படி வெட்டுகிறார்கள் என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். தயாரிப்பவர் ஒவ்வொரு ஆளையும் அளக்க முடியாது. ஒரு சராசரி உடம்பை எடுத்துக்கொண்டு, அதையே கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று வெட்டுகிறார். கோட் தைப்பவர்கள் இதற்கு ‘டிராப்’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மார்புச் சுற்றளவிலிருந்து இடுப்புச் சுற்றளவைக் கழித்தால் வருவதுதான் டிராப். செட்டாக விற்கும் கோட், பேன்ட்டில் பெரும்பாலும் இது 6 அங்குலம். கோட் 40 என்றால் கூட வரும் பேன்ட் 34. உடற்பயிற்சி செய்து மார்பு விரிந்தவருக்கு இந்த வித்தியாசம் 8, 10 என்று போகும். தொப்பை உள்ளவருக்கு 2 ஆகும், சிலருக்கு ஒன்றுமே இருக்காது, மார்பைவிட வயிறே பெரிதாக இருப்பவர்களும் உண்டு. அந்த 6-லிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்களோ அவ்வளவுக்கு ரெடிமேட் உடை உங்களிடம் மக்கர் பண்ணும்.

சரி, நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க ஒரு இன்ச் டேப் போதும். முதுகுப்பக்கமாக ஒரு தோள்முனையிலிருந்து மறு தோள்முனை வரை ஒரு அளவு. அப்புறம் அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி, தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றி, பின்புறம் அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி என்று இன்னும் மூன்று. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளக்காதீர்கள், யாரும் பார்க்கவில்லை.

தோள் அகலமாகவும் இடுப்பு ஓரளவு குறுகியும் இருந்தால் அதைச் சரிவகம் என்பார்கள். ரெடிமேட்காரர்கள் மனதில் வைத்துத் தைக்கும் உடம்பு ஏறக்குறைய இதுதான். தோள், மார்பு, இடுப்பு எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இறங்கினால் செவ்வகம். தோளும் மார்பும் மிக அகலம், இடுப்பு மிகக் குறுகல் என்றால் தலைகீழ் முக்கோணம். தோள் குறுகி, இடுப்பும் தொடையும் அகன்றிருந்தால் முக்கோணம். நடுவில் வயிறு முன்தள்ளியிருந்தால் நீள்வட்டம். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமில்லை, ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் இரண்டு வடிவங்களின் கலவைதான். ஒல்லியான கை காலும் தொப்பையும் சேர்ந்தே இருக்கும். ஐந்து வடிவத்துக்கும் தனித்தனி விதி தேடி அலைவதைவிட எல்லா வடிவத்துக்கும் ஓடுகிற ஒரே விதியைப் பிடித்துக்கொள்ளலாம். உடம்பில் எந்த இடம் பெரிதோ, உடையில் எந்த இடத்தைத் தையல்காரரால் எளிதில் மாற்ற முடியாதோ, அந்த இரண்டுக்கும் பொருந்துவதாக வாங்க வேண்டும். மிச்சத்தைப் பிடித்துத் தரச் சொல்ல வேண்டும்.

மாற்ற முடியாத இடங்களில் முதலில் வருவது தோள். சட்டையானாலும் கோட் ஆனாலும் அது உடம்பில் தொங்குவது தோளிலிருந்துதான், தோள்தான் ஹேங்கர். கையும் உடலும் சேரும் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் சரியாக விழ வேண்டும். விரலால் தடவிப் பார்த்தால் அந்த முனை தெரியும். தையல் அதைத் தாண்டிக் கைப்பக்கம் சரிந்தால் சட்டை பெரிது. எவ்வளவு அகலத் தோள்காரரையும் அது கூனல் போட்டவர் மாதிரி காட்டும். கழுத்துப் பக்கம் ஏறி நின்றால் சிறிது; கையைத் தூக்கும்போதெல்லாம் சட்டை முழுக்க மேலே ஏறும். சட்டையின் பக்கவாட்டைப் பிடிப்பது அரைமணி நேர வேலை. கோட்டின் தோளை மாற்றுவதென்றால் கையைப் பிரித்து, உள்ளே இருக்கும் பேடை எடுத்து, கிட்டத்தட்ட மறுபடி தைக்க வேண்டும், அப்படிச் செய்தாலும் பழைய வடிவம் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் தோள் சரியில்லாத கோட்டை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் அப்படியே திருப்பி மாட்டிவிட்டு வாருங்கள். வேண்டுமென்றே தோளை இறக்கித் தைக்கும் ஓவர்சைஸ் டி-ஷர்ட் வேறு கணக்கு. அதில் தொங்கலும் டிசைனில் சேர்த்தி.

இனி தொப்பை. அதிகம் பேருக்கு இருப்பதும் அதிகம் பேர் சொதப்புவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

தொப்பை உள்ளவர்களில் ஒரு பாதி, அதை மறைக்க இரண்டு சைஸ் பெரிதாக எடுக்கிறார்கள். மறு பாதி, நான் எப்போதும் எம் தான் என்று பழைய சைஸை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிதாக எடுத்தால் தோள் தொங்கும், கை அகலமாகும், வயிற்றின் முன்முனையிலிருந்து துணி நேராகக் கீழே விழுந்து, வயிறு மட்டும் பெரிதாக இருந்த ஆளை முழுக்க அதே அகலத்துக்குக் காட்டும். இறுக்கமாக எடுத்தால் பட்டன்களைச் சுற்றி எக்ஸ் வடிவில் சுருக்கம் விழும், நடுவில் இடைவெளி திறக்கும். பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். நின்றபடி வயிற்றின் இரு பக்கமும் துணியைப் பிடித்துப் பாருங்கள், பக்கத்துக்கு ஒன்றரை இரண்டு அங்குலம் கையில் வந்தால் சரியான லூஸ். அப்புறம் கட்டாயம் உட்கார்ந்தும் பாருங்கள். உட்காரும்போது வயிறு விரியும், நிற்கும்போது அடக்கமாக இருந்த பட்டன் அப்போதுதான் குட்டை உடைக்கும். வயிற்றுக்குப் பொருந்தும் சட்டையில் தோள் பெரிதாகிறது என்றால், ஸ்லிம் ஃபிட்டை விட்டுவிட்டு அதே தோள் அளவில் ரெகுலர் ஃபிட், ரிலாக்ஸ்டு ஃபிட் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் சட்டையைத் தைத்துக்கொள்வதே மேல்.

இதைவிட முக்கியம் பேன்ட் எங்கே நிற்கிறது என்பது. பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, இடுப்பு இன்னும் 34 தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் நிறைய. அளவு 34 தான், மறுக்கவில்லை. ஆனால் அப்படிக் கட்டும்போது வயிறு பெல்ட்டின் மேல் வழியும், கவட்டை தொங்கும், பின்பக்கம் துணி தொளதொளவென்று நிற்கும், கால் இரண்டு மூன்று அங்குலம் குட்டையாகத் தெரியும். கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப் பட்டியின் மேல்விளிம்பு வரை உள்ள உயரத்தை ‘ரைஸ்’ என்பார்கள். லோ ரைஸ் பேன்ட் தொப்பைக்குப் பரம விரோதி. முன்பக்கம் 10 அல்லது 11 அங்குலமாவது ரைஸ் உள்ள பேன்ட்டைத் தொப்புளை ஒட்டிப் போட்டுப் பாருங்கள். வயிறு பேன்ட்டுக்குள் அடங்கும், சட்டையும் மேலிருந்து கீழே ஒரே கோடாக இறங்கும். இடுப்பு எண் 38 என்று காட்டினால் காட்டட்டும், அதை யார் படிக்கப் போகிறார்கள்? வயிறு பெருத்தவருக்கு இடுப்பில் பெல்ட் பிடித்து நிற்க ஒரு பள்ளம் இருக்காது, பேன்ட் நாள் முழுக்க நழுவிக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு சஸ்பெண்டர் உண்மையிலேயே வேலை செய்யும், கோட் போடுகிற நாட்களில் அது வெளியேகூடத் தெரியாது.

சட்டையை இன் பண்ணாமல் போடுவதென்றால் அடிவிளிம்பு நேராக வெட்டப்பட்ட சட்டையாகப் பார்த்து எடுங்கள், ஜிப்பின் பாதி வரை வந்தால் போதும். முன்னும் பின்னும் வால் மாதிரி நீண்டு வளைந்த விளிம்பு உள்ளே செருகுவதற்காகத் தைத்தது. அதை வெளியே விட்டால் காலை இன்னும் குட்டையாக்கும். துணியையும் கவனிக்க வேண்டும். துணியின் கனத்தை ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்வார்கள். 140, 150 ஜிஎஸ்எம் டி-ஷர்ட் உடம்போடு ஒட்டி ஒவ்வொரு மடிப்பையும் படம் போட்டுக் காட்டும். 200 ஜிஎஸ்எம்மை ஒட்டி இருக்கும் துணி கொஞ்சம் விறைப்பாகத் தன் வடிவத்திலேயே நிற்கும். பளபளப்பான துணி வேண்டாம், ஏனென்றால் வெளிச்சம் முதலில் பட்டுத் தெறிப்பது எது முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறதோ அதன் மேல்தான். டி-ஷர்ட்டின் மேல் ஒரு சட்டையை, அல்லது மெல்லிய ஜாக்கெட்டைப் பட்டன் போடாமல் திறந்து விடுவது இன்னொரு நல்ல வழி. நடுவில் நீளமாக ஒரு பட்டை மட்டும் தெரியும், பார்க்கிறவர் கண் அந்தப் பட்டைக்குள்ளேயே மேலும் கீழும் போய்வரும்.

ஒல்லியானவர்களின் பிரச்சினை இதற்கு நேர் எதிர், ஆனால் அவர்கள் விழும் குழி அதேதான். ஒரு சிலர் உடம்பைப் பெரிதாகக் காட்ட லூஸாகப் போடுகிறார்கள், துணிக்குள் ஆள் தொலைந்துபோகிறார். ஒரு சிலர் ஸ்கின்னி ஜீன்ஸ் போட்டு, இருக்கிற ஒல்லியை அடிக்கோடிட்டுக் காட்டுகிறார்கள். உடம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் அளவில், கனமான துணியாக எடுப்பதுதான் இங்கே சரி. டெனிம், கார்டுராய், ஃபிளானல், ஆக்ஸ்ஃபோர்டு துணி, தடித்த நிட் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு உடம்பு உண்டு, அதை நீங்கள் இரவல் வாங்கிக்கொள்கிறீர்கள். அடுக்கடுக்காகப் போடலாம். பேன்ட் ஸ்ட்ரெய்ட் ஃபிட். அரைக்கைச் சட்டையில் கைக்குழி அகலமாகத் திறந்து நின்றால் கை குச்சி மாதிரி தெரியும், ஒரு விரல் இரண்டு விரல் இடைவெளிக்குப் பிடித்துத் தைத்துவிட்டால் அதே கை வேறு மாதிரி தெரியும். முழுக்கைச் சட்டையை முழங்கைக்குக் கீழே வரை மடித்துவிட்டால் மடிப்பின் கனமே முன்கைக்கு ஒரு பருமன் கொடுக்கும். ஆழமான வி-கழுத்து காரை எலும்பைக் காட்டும், வட்டக் கழுத்தே போதும்.

ஜிம் உடம்புக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்றுதான் எல்லோரும் நினைப்போம், கடைக்குள் அவர்கள் படும் பாடு தனி. மார்புக்கு எல் எடுத்தால் இடுப்பில் பலூன், இடுப்புக்கு எம் எடுத்தால் பட்டன் மூடாது. மார்புக்கும் தோளுக்கும் வாங்கிவிட்டு இடுப்பைப் பிடிக்க வேண்டும். முதுகில் இரண்டு டார்ட், அதாவது துணியை உள்ளே மடித்துப் பிடிக்கும் கூரான தையல், எடுக்கச் சொன்னால் இன்னும் சுத்தமாக உட்காரும். பேன்ட்டில் சிக்கல் தொடை. தொடைக்குத் தாராளமாக எடுத்துவிட்டு முழங்காலுக்குக் கீழே குறுக்குங்கள், அல்லது முன்பக்கம் ப்ளீட் வைத்த பேன்ட் பாருங்கள்; ப்ளீட் என்பது வெறும் அலங்காரம் அல்ல, உட்காரும்போது விரிந்து தொடைக்கு இடம் கொடுக்கத்தான் அந்த மடிப்பு. 1 அல்லது 2 சதவீதம் எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்த துணியும் உதவும். தோளில் பேட் வைத்த கோட் மட்டும் இவர்களுக்கு வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே இருக்கிற தோள் போதும்.

பேட் தேவைப்படுவது முக்கோண உடம்புக்கு. தோள் குறுகி, இடுப்பும் தொடையும் அகன்றவர் லேசான பேட் வைத்த ஜாக்கெட் ஒன்று போட்டாலே ஆள் நிமிர்ந்துவிடுவார். வெளிர் நிறம், கட்டம், மார்புப் பாக்கெட் எல்லாம் மேல்பாதிக்கு. கீழே அடர்ந்த ஒற்றை நிறம், நேராக இறங்கும் கால். கணுக்காலில் ரொம்பக் குறுகும் பேன்ட் தொடையை இன்னும் பெரிதாக்கிக் காட்டும். செவ்வக உடம்புக்குச் சொல்ல அதிகம் இல்லை: எல்லாமே ஓரளவு பொருந்தும், இடுப்பில் கொஞ்சம் வளைவு வெட்டிய கோட்டோ ஜாக்கெட்டோ போட்டால் வடிவம் தானாக வரும்.

உயரம் தனிக்கதை. குள்ளமானவர்களுக்கு நீளம்தான் எதிரி, அரை அங்குலம் கூடினாலும் காட்டிக்கொடுத்துவிடும். சட்டைக் கை மணிக்கட்டு எலும்போடு நிற்க வேண்டும், கோட் பின்புறத்தை மூடினால் போதும், பேன்ட்டின் பாட்டம் ஷூவைத் தொட்டு நிற்க வேண்டும், கணுக்காலில் துணி குவியக் கூடாது. சட்டையும் பேன்ட்டும் ஒரே நிறக் குடும்பத்தில் இருந்தால் கண் எங்கும் தடைபடாமல் மேலிருந்து கீழே போகும், ஆள் நீளமாகத் தெரிவார். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், நடுவில் பளிச்சென்று ஒரு பெல்ட் என்றால் ஆளைச் சரிபாதியாக வெட்டியதாக அர்த்தம். நெட்டையானவர்கள் அதையே தாராளமாகச் செய்யலாம், அவர்களுக்கு அந்த வெட்டு நல்லது.

கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். குண்டாக இருப்பவர்கள் படுக்கைக் கோடு போடக் கூடாது, நெடுக்குக் கோடு போட்டால் ஒல்லியாகத் தெரியலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு நேர்மாறாகச் சொன்னார்: ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில் ஒன்றைப் படுக்கைக் கோடுகளாலும் மற்றதை நெடுக்குக் கோடுகளாலும் நிரப்பினால், படுக்கைக் கோடு போட்டதுதான் உயரமாகவும் குறுகலாகவும் தெரியும். பிரிட்டனில் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் தாம்சன், கிரியாகி மிக்கெல்லிடூ இருவரும் 2011-ல் உடையை வைத்தே இதைச் சோதித்து, படுக்கைக் கோடு ஆளைக் குண்டாகக் காட்டுவதில்லை என்று எழுதினார்கள். 2013-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதில் ஒரு திருத்தம் வைத்தார்கள்: ஒல்லியான உருவத்துக்குத்தான் இது நன்றாகப் பலிக்கிறது, உருவம் பருக்கப் பருக்கப் பலன் குறைகிறது. ஆகக் கோட்டை நம்பியும் வாங்க வேண்டாம், பயந்தும் விட வேண்டாம், ஃபிட் சரியாக இருந்தால் பிடித்த கோட்டைப் போடுங்கள். கறுப்பு, நேவி ப்ளூ மாதிரி அடர்நிறங்கள் ஒல்லியாகக் காட்டும் என்பதில் மட்டும் விஷயம் இருக்கிறது. துணியில் விழும் நிழலும் சுருக்கமும் அடர்நிறத்தில் எடுபடாது, அதனால் உள்ளே இருக்கும் மேடு பள்ளம் தெரியாமல் போகிறது.

ட்ரையல் ரூமில் கண்ணாடிக்கு முன் விறைப்பாக நின்று பார்ப்பதால் பயனில்லை. கையைத் தூக்குங்கள், முன்னால் நீட்டி ஸ்டியரிங் பிடிப்பது மாதிரி வையுங்கள், குனியுங்கள், உட்காருங்கள். முதுகில் இழுக்கிறதா, சட்டை வெளியே வருகிறதா, பேன்ட் பின்னால் இறங்குகிறதா? மேல்பட்டன் போட்டபின் காலருக்குள் இரண்டு விரல் போக வேண்டும். பேன்ட் பாக்கெட் இரண்டு பக்கமும் காது மாதிரி விரிந்து நின்றால் இடுப்பிலோ தொடையிலோ இறுக்கம் இருக்கிறது என்று பொருள், அடுத்த சைஸ் எடுங்கள். பின்பக்கத்தை செல்ஃபோனில் படம் எடுத்துப் பாருங்கள், உங்கள் முதுகை உங்களைத் தவிர எல்லோரும் பார்க்கிறார்கள்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் லேபிள் எண்ணை நம்பவே கூடாது. 2010-ல் ஓர் அமெரிக்க ஆண்கள் இதழ் 36 அங்குலம் என்று விற்ற பேன்ட்டுகளை டேப் வைத்து அளந்து பார்த்தபோது ஒன்றில் 41 அங்குலம் இருந்தது. வாங்குபவர் மனம் குளிரட்டும் என்று எண்ணைக் குறைத்துப் போடுகிறார்கள், அதனால் ஒரு பிராண்டின் 36 இன்னொரு பிராண்டின் 34 ஆக இருக்கலாம். இருப்பதிலேயே உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் சட்டையையும் பேன்ட்டையும் தரையில் விரித்து, தோள், ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள், நீளம், கை, ரைஸ், தொடை, பாட்டம் என்று அளந்து செல்ஃபோனில் குறித்துவையுங்கள். விற்பவர் தரும் சைஸ் சார்ட்டில் உடையின் அளவு கொடுத்திருக்கிறார்களா, உடம்பின் அளவு கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் மார்பில் மட்டும் நாலைந்து அங்குலம் வித்தியாசம் வரும்.

கடைசியாகத் தையல்காரர். சட்டையின் பக்கவாட்டைப் பிடிப்பது, கையைக் குட்டையாக்குவது, பேன்ட்டின் நீளம், இடுப்பில் ஓரிரு அங்குலம், பாட்டத்தைக் குறுக்குவது எல்லாம் அவருக்குச் சாதாரண வேலை. தளர்த்துவது மட்டும் உள்ளே எவ்வளவு துணி மடித்து விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வாங்கும்போதே தையலைத் திருப்பிப் பாருங்கள், பேன்ட்டின் பின் நடுத்தையலில் ஓர் அங்குலமாவது இருந்தால் எதிர்காலத்துக்கு ஆகும். பருத்தித் துணி என்றால் முதலில் ஒரு தடவை துவைத்துக் காயவைத்து, சுருங்குவதெல்லாம் சுருங்கியபின் கொண்டுபோய்க் கொடுங்கள். பேன்ட்டின் நீளம் பிடிக்கக் கொடுக்கும்போது அந்தப் பேன்ட்டோடு போடப்போகும் ஷூவைக் காலில் போட்டுக்கொண்டு போங்கள், செருப்போடு நின்று கொடுத்த அளவு ஷூவுக்கு வராது.